தாயின் வழியும் மகளின் கல்வியும்

பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டை தொடங்கி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் ஊர்களின் பெண்கல்வி வரலாற்றைப் பேசப் புகுவோர், டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரிடமிருந்து தொடங்குவர். அவர் வாழ்வையோ 1890இல் திண்டிவனத்தில் கழிந்த ஓர் இரவிலிருந்து தொடங்குவர். நம் மன்றக் கவிஞர்களும் அவ்வாறே பாடக் கேட்டிருக்கிறேன்.

அவ்விரவில் பிராமணர் ஒருவர், முகமதியர் ஒருவர், மற்றுமோர் இந்து என மூவர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பேற்று நோவில் துடித்துக்கொண்டிருந்தனர். மருத்துவரான தந்தையை அனுப்புவதாக ஐடா கூறினார். பிற ஆடவர் தம் மனைவியரைத் தொட மூவரும் இசையவில்லை. பெண்ணாகிய ஐடாவையே அழைத்தனர். அவரோ மருத்துவம் பயிலாதவர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபட்டிருந்தனர். மருத்துவம் பயில்வதென ஐடா துணிந்தது அப்போதுதான்.

இவ்வரலாறு உண்மையே. எனினும், அவ்விரவில் அந்த இளம்பெண் திண்டிவனத்தில் இருந்தது ஏன் என்ற வினாவை எவரும் எழுப்பக் காணோம். அவர் தாய் சோபியா நோயுற்றிருந்தார். தாயைப் பேணிவிட்டு அமெரிக்கா திரும்பிவிடுவது என்ற எண்ணத்துடன்தான் மகள் வந்திருந்தார். கதையில் சோபியா வெறும் 'நோயுற்ற தாய்' ஆகி ஒரு மூலையில் நின்றுவிடுகிறார். அது நீதியன்று.

சோபியா 1861ஆம் ஆண்டளவில் கணவர் இரண்டாம் ஜான் ஸ்கடருடன் ஆர்க்காட்டு மிஷனுக்கு வந்தவர். மெலிந்த உடலினர், இந்திய வெயிலைத் தாங்கமாட்டார் என மிஷன் சபையார் தயங்கினர் என்பர். அந்த மெலிந்த உடலே இம்மண்ணில் அறுபதாண்டுக்கும் மேல் வாழ்ந்தது. ஆண்மக்கள் பலர் நடுவே ஒரே பெண்ணாக ஐடா 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். தாது வருடப் பஞ்சத்தின்போது, உண்ணவும் வலுவற்றுக் கிடந்த பிள்ளைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டு ஊட்டும் வேலை அந்தச் சிறுமிக்கும் தரப்பட்டது. ஏழு வயதில் கண்ட அக்காட்சிகளை மறக்க எண்ணியே அவர் வளர்ந்தார்.

பின்னர் நேர்ந்தது கடுமையானது. இந்தியாவிலிருந்த கணவரிடம் சோபியா திரும்பியபோது, பருவ வயது மகளை அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுச் சென்றார். தாய் படுத்த தலையணையில் முகம் புதைத்து மகள் அழுதாள் என அவர் வாழ்க்கை வரலாறு கூறும். மிஷன் வாழ்வே வேண்டாம் என்ற வெறுப்பு அவளிடம் வேரூன்றியதில் வியப்பில்லை. தாயின் விழுமியம் மகளை ஊக்கியது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஐடாவிடம் அது முதலில் ஆறாத புண்ணாகத்தான் சென்று சேர்ந்தது. தாயின் வழியைத் தன் வழியாக ஏற்க அவருக்கு மூன்று சாவுகளைக் காண வேண்டியிருந்தது.

1895இல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொண்டு தொடங்கப்பெற்றதும் அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். மனைவியின் நினைவாக ஷெல் என்னும் வங்கியாளர் அளித்த பதினாயிரம் டாலருடன் 1900இன் தொடக்கத்தில் வேலூர் வந்தார். சில மாதங்களில் தந்தை மறைந்தார். பெரிய டாக்டரை நம்பிய ஊர், இந்தச் சின்ன அம்மாவை உடனே நம்பிவிடவில்லை. வீட்டில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றே மருந்தகம் ஆயிற்று. வீட்டுச் சமையற்காரரின் மனைவி சலோமி, கைவேலை வழியே கற்று முதல் உதவியாளரானார்.

அறுபதை அண்டிய சோபியா அப்போது கைம்பெண். அமெரிக்காவுக்குத் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. 1902இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது. கோஷா முறை காத்த இல்லத்துப் பெண்களும் அங்கு வரலாயினர். மகள் அங்கே நாளெல்லாம் உழைக்க, வீட்டை நடத்தியவர் தாய். ஆதரவற்ற குழந்தைகள் பலர் வளர்ந்ததும் அவ்வீட்டில்தான். ஒருகாலத்தில் மகளைப் பிரிந்து சென்ற தாய், 1925இல் மறையும்வரை அவளைப் பிரியவில்லை. இந்த இருபத்தைந்து ஆண்டுகளைப் பாட ஒரு கவிஞரும் முன்வராதது எனக்கு வருத்தமே.

மருத்துவப் பள்ளி 1918 ஆகஸ்டில் பெண்களுக்கென்றே தொடங்கியது. மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிது என்ற பொருள்பட மாகாண மருத்துவத் துறைத் தலைவர் கர்னல் பிரைசன் கூறியிருந்தார். விண்ணப்பங்களோ இடங்களைப் பன்மடங்கு விஞ்சின. முதல் தேர்வில் மாகாணமெங்கும் ஆடவர் ஐவரில் ஒருவரே தேற, வேலூர்ப் பெண்கள் பதினால்வரும் தேறினர். 1918இல் ஒரு மகளை விடுதிக்கு அனுப்ப அவள் தாய் எத்தனை பேருக்கு விடை சொல்லியிருப்பாள்! அந்தத் தாய்மாரை நாம் விழா மேடைகளில் நினைப்பதில்லை.

தோல் வணிகச் செல்வமும் கல்விக்குப் பாய்ந்தது உண்மை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும் எழுந்தன. ஆனால் அச்செல்வம் முதலில் நினைத்தது மகன்களையே. காட்பாடி காந்திநகரில் அக்சீலியம் 1954இலும், வேலூரில் டி.கே.எம். 1972இலும், வாணியம்பாடியில் மருதர் கேசரி ஜெயின் மகளிர் கல்லூரி 1994இலும் வந்த பின்னரே மகள்களுக்கு வாயில் அகன்றது.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. இவ்வூர்களின் ஷூ கம்பெனிகளில் மேல்தோல் தைப்போரும் பசை பூசுவோரும் பெரும்பாலும் பெண்கள். விடியலில் கம்பெனிப் பேருந்தில் ஏறி, இருட்டிய பின் இறங்குகிறவர்கள். அவர்களின் மகள்கள் என் வகுப்பில் சங்க இலக்கியம் படிக்கிறார்கள். பருவக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று கேட்கும்போது பலரும் கூடவே ஒன்றையும் கேட்பார்கள்: "ஏழாம் தேதிக்குப் பிறகு கட்டலாமா அம்மா?" ஏழாம் தேதிதான் அவர்கள் தாய்மாருக்குச் சம்பள நாள்.