கெப் வாகனங்களுக்குப் பெரிய சில்லும் டயரும்

கெப் வாகனத்துக்குக் கம்பனி மாட்டிக் கொடுத்த சில்லையும் டயரையும் கழற்றிவிட்டுப் பெரிய அளவில் போடுவது மலைப் பாதைகளில் ஓடும் வாகனங்களில் அடிக்கடி காணும் மாற்றம். இரத்தினபுரி மாவட்டத்தின் தெற்கே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள றக்வான (இறக்குவானை), இந்த மாற்றத்தின் இலாபத்தையும் நட்டத்தையும் ஒரே பயணத்தில் காட்டிவிடும் ஊர். காலியிலிருந்து தெனியாய வழியாக மாதம்பை வரும் ஏ17 வீதி இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. தெனியாயப் பக்கம் போகிறவர் புலுதொட்ட கணவாயின் பத்து முடக்குகளையும் ஏறித்தான் ஆகவேண்டும். அந்தத் தார் வீதியை விட்டு விலகினால் தோட்டத்து ரோடு: கருங்கல், சேறு, ஓரத்தில் கான். உர மூடை ஏற்றிய கெப் இந்த இரு வகை வீதிகளையும் சமாளிக்க வேண்டும்.

‘பெரிசாகப் போடுவது’ என்று ஒரே பேச்சில் சொல்லப்பட்டாலும் இதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, ரிம்மைப் பெரிதாக்குவது. மற்றது, டயரைப் பெரிதாக்குவது. டொயோட்டா ஹைலக்ஸின் பல டபள் கெப்களில் வரும் 265/65 ஆர் 17 அளவை எடுத்துக்கொள்ளலாம். டயரின் அகலம் 265 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, அதாவது சுமார் 172 மில்லிமீற்றர். ரிம் 17 அங்குலம். முழு விட்டம் 776 மில்லிமீற்றர். இதற்குப் பதிலாக 20 அங்குல அலோய் ரிம்மும் 265/50 டயரும் போட்டால் விட்டம் 773 மில்லிமீற்றர்தான். வாகனம் ஒரு நூல்கூட உயராது. பக்கச் சுவர் மட்டும் 132 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். கல்லில் ஏறும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான். அது குறைந்தால் ரிம் வளையும், அல்லது டயரின் பக்கம் வெடிக்கும். கொழும்பு வீதியில் அழகாகத் தெரியும் இந்த ஏற்பாட்டுக்குத் தோட்டத்து ரோட்டில் வேலை இல்லை.

ரிம்மை அப்படியே வைத்து டயரை மட்டும் 285/70 ஆர் 17 ஆக்கினால் கதை வேறு. விட்டம் 831 மில்லிமீற்றராகிறது. கூடுவது சுமார் 55 மில்லிமீற்றர் என்றாலும் அதில் பாதிதான், 27 மில்லிமீற்றர், வாகனத்தின் அடிப்பாகத்தை உயர்த்துகிறது. பக்கச் சுவர் 199 மில்லிமீற்றராக வளர்வதே உண்மையான ஆதாயம்.

அதற்கான விலையை முடக்கில் கொடுக்க வேண்டும். விட்டம் 7 விழுக்காடு கூடியதால், அதே கியரில் சில்லு தரையைத் தள்ளும் விசை ஏறக்குறைய 6.5 விழுக்காடு குறைகிறது. முன்பு இரண்டாம் கியரில் ஏறிய முடக்கு முதலாம் கியரைக் கேட்கும். சுமையோடு இறங்கும்போதும் எஞ்சின் பிடித்து நிறுத்தும் பலம் அதே அளவு குறைவதால் பிரேக் கூடுதலாகச் சூடேறும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயரின் தோள் மட்காட்டின் உட்புறத்தில் உரசக்கூடும். நேர் ரோட்டில் இது தெரியவே தெரியாது. முன் சில்லுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தால், பிளாஸ்டிக்கில் கறுத்து வழவழவென்று தேய்ந்த ஒரு பட்டை தட்டுப்படும். டயரை மாற்றியவர், கடையிலிருந்து வெளியேறும் முன்பே ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

மீற்றரும் பொய் சொல்லத் தொடங்கும். முள் 60இல் நிற்கும்போது வாகனம் 64 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். 100 கிலோமீற்றர் ஓடினால் கணக்கில் 93 மட்டுமே ஏறும். பெரிய டயர் டீசலைக் கூடக் குடிப்பது உண்மைதான். ஆனால் இந்தக் குறைந்த கணக்கை வைத்துப் பார்த்து, குடிப்பதைவிட அதிகமாகவே திட்டுகிறவர்களும் உண்டு. 265/70 ஆர் 17 அளவில் விட்ட வேறுபாடு 3.4 விழுக்காட்டோடு நின்றுவிடுவதால், பாரம் ஏற்றும் கெப்புக்கு அதுவே நியாயமான எல்லை எனலாம்.

ரிம் மாற்றும்போது ஆணித் துளைகள் பொருந்தினால் போதும் என்று நினைப்பது ஆபத்து. நான்கு சில்லு உந்தும் ஹைலக்ஸ், மிட்சுபிசி எல்200, இசுசு டி-மெக்ஸ் ஆகியவற்றின் பல வகைகளில் 139.7 மில்லிமீற்றர் வட்டத்தில் ஆறு ஆணிகளே வருகின்றன. நடுத்துளையின் அளவோ வண்டிக்கு வண்டி வேறு. ரிம் வெளியே தள்ளி நின்றால் பெயரிங்குக்கும் சுமை கூடும். டயரின் பாரக் குறியீட்டையும் பார்க்க வேண்டும்: 112 என்றிருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ வரை தாங்கும். தோற்றத்துக்காக இந்த எண்ணைக் குறைப்பது உர மூடை ஏற்றுகிறவருக்குக் கட்டாது. தடித்த பூவுள்ள சேற்று டயர் தோட்டத்துக்குள் நன்றாக இழுக்கும். ஆனால் தென்மேல் பருவமழையில் நனைந்த தாரில் அதன் பிடிப்பு குறைவு, இரைச்சலும் அதிகம்.

கம்பனியே தரும் அளவிலும் சிக்கல் வரலாம். 2016இல் சுவீடனின் ‘டெக்னிக்கென்ஸ் வார்ல்ட்’ இதழ், திடீரென்று குறுக்கே வரும் தடையை ஒதுங்கிப் போகும் சோதனை ஒன்றை நடத்தியது. அதில் 18 அங்குல ரிம் போட்ட ஹைலக்ஸ் இரண்டு சில்லில் எழும்பியது.

இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், கையிலிருந்த பழைய கெப்பைச் சீர்செய்து ஓட்டுவதே பலருக்கும் வழியாக இருந்தது.

டயரை மாற்றும்போது நான்கோடு நிறுத்தாமல் ஐந்தாவதாக ஸ்பெயார் சில்லையும் அதே அளவில் வாங்க வேண்டும். சுமை ஏற்றும் பின் தொட்டிக்கு அடியில் அது அடங்காமல் போகலாம் என்பதால் இடத்தை முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். பல கெப்களில் நான்கு சில்லு உந்தலைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். அந்த நிலையில் ஒரு சில்லு மட்டும் சிறிதாக இருந்து, நல்ல பிடிப்புள்ள தாரில் ஓட்டினால், வேக வேறுபாடு முழுவதும் கியர்ப் பெட்டியிலும் சாப்டிலும் முறுகி நிற்கும். சிறிய ஸ்பெயாரோடு வீடு திரும்ப நேர்ந்தால் பின்சில்லு உந்தலில் மட்டும், மெதுவாக வர வேண்டும்.