சீனாவைப் படிக்கவே ஒரு 'பவன்': 1937-லேயே தொடங்கிய இந்தியப் பல்கலைக்கழகம்!

எல்லையில் பதற்றம்னாலே சீனா பற்றித்தான் பேச்சு. ஆனா, சீனர்கள் எழுதுறதை அவங்க மொழியிலேயே படிக்கத் தெரிஞ்சவங்க வேணுமே? அதுக்கான இடம்தான் 'சீனா பவன்'.

எங்கே இருக்கு?
மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதனில், தாகூர் உருவாக்கிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தில்.

தொடங்கியது எப்படி?
1924-ல் சீனா சென்று வந்தார் தாகூர். 1928-ல் சாந்திநிகேதன் வந்த சீன அறிஞர் டான் யுன்-ஷான், பின்னர் சீனாவில் நிதியும் நூல்களும் திரட்டினார். 1937 ஏப்ரல் 14-ல் பவன் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் அவரே.

பௌத்தம் ஏன் முக்கியம்?
இந்தியாவில் மூலம் தொலைந்துபோன பல பௌத்த நூல்கள் சீன மொழிபெயர்ப்பில்தான் மிஞ்சியிருக்கு. நம்ம வரலாற்றைத் தேடவும் சீன மொழி தேவை.

போர் வந்தபோது?
1957-ல் சீனப் பிரதமர் சூ என்லாய் சாந்திநிகேதன் வந்தார். 5 வருஷத்துல, 1962-ல் போர். அதற்குப் பிறகும் பவன் மூடப்படவில்லை.

இப்போ என்ன நிலை?
இங்கே சீன மொழியில் பட்டப்படிப்பு, ஆய்வு தொடருது. ஆனா, 2020 தேசியக் கல்விக் கொள்கை பள்ளிகளுக்கு உதாரணமாகச் சொன்ன வெளிநாட்டு மொழிகளில் சீனம் இல்லை. நட்போ பகையோ, பக்கத்து நாட்டைப் புரிஞ்சுக்க அதன் மொழி தெரியணும்.