மூடிய ஆலயமும் மூன்று தவக்காலங்களும்

சமயம் என்பது கூடி வாழும் வாழ்வின் மலர்ச்சியாகும். தனித்திருந்து தவம் செய்வோரை எல்லாச் சமயங்களும் போற்றினாலும், பெருந்திரளான மக்களுக்குக் கூட்டு வழிபாட்டையே அவை நெறியாக வகுத்தன. தேர் அசைவதற்குப் பல கைகள் வேண்டும். தொழுகைக்கு வரிசை வேண்டும். திருப்பலிக்குச் சபை வேண்டும். 2020ஆம் ஆண்டில் கொவிட்-19 என்னும் பெருந்தொற்று உலகெங்கும் பரவியபோது, முதலில் தடைப்பட்டவற்றுள் இக்கூட்டமும் ஒன்று. அத்தடை வந்த விதத்தைப் பலரும் எழுதியுள்ளனர். அது தளர்ந்த விதமும் அதற்கு இணையாக எண்ணிப் பார்க்கத்தக்கது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள கத்தோலிக்கப் பங்குகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பங்கு என்பது ஓர் ஆலயத்தைச் சார்ந்து வாழும் மக்கள் குழுவைக் குறிக்கும். அம்மக்களின் ஆண்டு வாழ்வில் தவக்காலமே தலையாய பருவம். 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளின் தவக்காலங்களும் நோயின் மூன்று நிலைகளில் அமைந்தன. முதலாவது அடைப்பில் கழிந்தது. இரண்டாவது பாதித் திறப்பில் நடந்தது. மூன்றாவது விடுதலையின் வாயிலில் நின்றது.

நாற்பது என்னும் எண்

தவக்காலம் சாம்பல் புதனன்று தொடங்கி, இயேசு பெருமான் உயிர்த்தெழுந்த விழாவுக்கு முன்னாள் வரை நீள்வது. ஞாயிற்றுக் கிழமைகளை நீக்கி எண்ணினால் 40 நாள். முன்னோர் இதனைத் தபசு காலம் என்றும் வழங்கினர். இலத்தீன் மொழியில் இப்பருவத்தின் பெயர் 'குவாத்ராகேசிமா'; நாற்பதாவது என்பது அதன் பொருள்.

நோயுற்றோரையும் நோய் நாட்டிலிருந்து வந்தோரையும் தனியே ஒதுக்கி வைப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'குவாரண்டைன்' என்னும் சொல்லும் நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே பிறந்தது. இன்று குரோவாசியாவில் துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா நகரம் 1377ஆம் ஆண்டில், வெளியிலிருந்து வருவோர் 30 நாள் தனித்திருக்க வேண்டும் எனச் சட்டம் செய்தது. பின்னர் அது 40 நாளாக நீண்டது. ஒன்று ஆன்மாவின் நலம் கருதிய ஒதுக்கம். மற்றொன்று உடலின் நலம் கருதிய ஒதுக்கம். 2020ஆம் ஆண்டில் இவ்விரண்டும் ஒரே நாளில் ஒரே வீட்டில் வந்து தங்கின.

மிலான் நகரம் தந்த பாடம்

ஆலயத்தை மூடுதல் இறைநம்பிக்கையின் குறையா என்னும் வினா புதியதன்று. 1576, 1577ஆம் ஆண்டுகளில் இத்தாலியின் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. அந்நகரின் பேராயர் சார்லசு பொரோமியோ தொடக்கத்தில், கழுத்தில் கயிறு அணிந்து வெறுங்காலுடன் தவப் பவனி சென்றார். பின்னர் மக்கள் வீட்டை விட்டு வெளிவரலாகாது என ஆணை பிறந்தபோது, அவர் வழிபாட்டை மக்களிடம் கொண்டு சென்றார். தெருச் சந்திகளில் பலிபீடங்கள் எழுந்தன. சன்னல்களிலும் வாயிற்படிகளிலும் நின்று மக்கள் திருப்பலியில் பங்கு கொண்டனர். மணி ஒலித்தபோது வீடுதோறும் மன்றாட்டு எழுந்தது. ஆலயம் மூடியிருந்தும் நகரமே ஆலயம் ஆயிற்று.

அதே நகரில் 1630ஆம் ஆண்டு மீண்டும் கொள்ளைநோய் வந்தது. அவ்வாண்டு சூன் 11ஆம் நாள், புனிதராகிவிட்ட பொரோமியோவின் உடலைச் சுமந்து மக்கள் பெருந்திரளாகப் பவனி சென்றனர். அதன் மறுநாளே இறப்பு பெருகியதாக அலெசாந்திரோ மன்சோனி தம் புகழ்பெற்ற புதினத்தில் எழுதுகிறார். பக்தி இருமுறையும் ஒன்றே. முதன்முறை அது விலகி நின்று ஒன்றாயிற்று. மறுமுறை நெருங்கி நின்று துன்புற்றது. பிறர் உயிரைக் காக்கும் பொருட்டு விலகி நிற்பதும் அன்பின் ஒரு வடிவமே என்பதை மிலான் உணர்த்துகிறது.

முதல் தவக்காலம்: அடைப்பு

சிங்கப்பூர்ப் பேராய மறைமாவட்டம் 2020 பிப்ரவரி 15ஆம் நாள் நண்பகல் முதல் பொதுத் திருப்பலிகளை நிறுத்தியது. சாம்பல் புதன் பிப்ரவரி 26 அன்று வந்தது. ஆகவே அத்தீவில் தவக்காலம் திருப்பலி இன்றியே தொடங்கிற்று. மார்ச் 14 முதல் வழிபாடு மீளும் என்னும் நம்பிக்கை எழுந்து, அதுவும் கைவிடப்பட்டது. மலேசியாவில் மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது; சமயக் கூட்டங்கள் யாவும் தடைசெய்யப்பட்டன. ஏப்ரல் 7 முதல் சிங்கப்பூரிலும் மக்கள் வீட்டில் இருக்குமாறு பணிக்கப்பட்டனர். ஏப்ரல் 10 பெரிய வெள்ளி. ஏப்ரல் 12 உயிர்ப்பு விழா. இரண்டும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன.

உரோமை நகரிலும் நிலை இதுவே. மார்ச் 27, தவக்கால வெள்ளி மாலையில், மழை பெய்துகொண்டிருக்க, ஆளரவமற்ற புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிசு தனித்து நின்று மன்றாடினார். 1522ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது உரோமை மக்கள் தெருக்களில் ஏந்திச் சென்ற பழைய பாடுபட்ட சிலுவை அன்று அங்கு வைக்கப்பட்டிருந்தது.

தவக்காலம் தொடுதலின் பருவம் என்பதை இழந்தபோதுதான் மக்கள் உணர்ந்தனர். நெற்றியில் சாம்பல் இடுவது ஒரு விரல்; குருத்து ஞாயிறன்று ஓலை தருவது ஒரு கை; பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படுவது 12 பேருக்கு; பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்வது ஊர் முழுவதும். 2020 மார்ச் 25ஆம் நாள் வத்திக்கான் வெளியிட்ட ஆணை, பாதம் கழுவும் சடங்கை விட்டுவிடுமாறும், சிலுவையை முத்தி செய்தல் வழிபாட்டை நடத்தும் குருவுக்கு மட்டுமே உரியதென்றும் வகுத்தது. சாம்பல், சென்ற ஆண்டின் குருத்தோலையை எரித்துப் பெறப்படுவது. ஓராண்டின் ஓலை அடுத்த ஆண்டின் சாம்பலாகும் அத்தொடர், ஓலை பெறாத வீடுகளில் அவ்வாண்டு அறுந்தது.

இவற்றினும் பெரிய இழப்பும் உண்டு. சிங்கப்பூரில் ஏப்ரல் மாதக் கட்டுப்பாட்டின்போது ஈமச் சடங்கில் ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் இருத்தல் கூடாது. ஒரு முதியவர் மறைந்தால் பங்கே திரண்டு வந்து செபமாலை சொல்லி, உற்றாரைத் தேற்றி, கல்லறை வரை உடன்செல்வது தமிழ்க் கிறித்தவர் மரபு. அம்மரபு அற்றுப்போன நாள்களில் மறைந்தோரின் குடும்பங்களுக்கு, பின்னர்த் திறந்த எந்தக் கதவும் அந்த ஒரு நாளைத் திருப்பித் தரவில்லை.

இரண்டாம் தவக்காலம்: எண்ணிக்கையின் காலம்

2021ஆம் ஆண்டில் சாம்பல் புதன் பிப்ரவரி 17 அன்று வந்தது. சனவரி 12ஆம் நாளே வத்திக்கான் ஒரு குறிப்பு விடுத்திருந்தது. அதன்படி, குரு சாம்பலை மந்திரித்து, மனமாற்றத்திற்குரிய சொற்களை அனைவருக்குமாக ஒருமுறை மட்டும் கூறி, கை துடைத்து, முகக்கவசம் அணிந்து, எதுவும் பேசாமல் ஒவ்வொருவர் தலையிலும் சாம்பலைத் தூவினார். நெற்றியில் சிலுவை அடையாளம் இல்லை. உச்சியில் ஒரு சிட்டிகைத் தூள் மட்டுமே. தலையில் சாம்பல் தூவுதல் திருமறை நூலில் காணப்படும் பழைய துயர வழக்கம். புதிய நோய் பழைய வழக்கத்தை மீட்டுத் தந்தது எனலாம்.

சிங்கப்பூரில் அப்போது ஒரு வழிபாட்டில் 250 பேர் வரை கூடலாம். ஆனால் 50 பேருக்கு மிகாத பகுதிகளாகப் பிரிந்து அமர வேண்டும். திருப்பலிக்கு முன்பதிவு செய்ய வேண்டும். மலேசியாவில் அவ்வாண்டின் தவக்காலம், சனவரி 13 முதல் மீண்டும் வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டின் நடுவே தொடங்கியது. மார்ச் 5ஆம் நாள் சிலாங்கூர், கோலாலம்பூர், சொகூர், பினாங்கு ஆகிய இடங்களில் அது தளர்ந்தது. பருவத்தின் நடுவில் கதவு சற்றே திறந்தது.

எண்ணிக்கை வந்தபோது ஒரு புதிய வேற்றுமையும் உடன் வந்தது. திறன்பேசியைக் கையாளத் தெரிந்தோர் இடம் பெற்றனர். தெரியாத முதியோர், பேரப்பிள்ளையின் உதவிக்குக் காத்திருந்தனர். நாள்தோறும் விடியற்காலையில் ஆலயப் படியேறிய பாட்டிமார், பெயர்ப்பட்டியலில் தம் பெயர் உண்டா எனக் கேட்கும் நிலைக்கு வந்தனர். திரையில் கண்ட திருப்பலி நோயாளிக்கு ஆறுதல் அளித்தது உண்மையே. ஆயினும் திரை நற்கருணையை வழங்காது. முந்திய ஆண்டு செப்டம்பரிலேயே வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயத் தலைவர் கருதினால் இராபர்ட் சாரா, சூழல் இடந்தரும்போது மக்கள் ஆலயத்திற்கு மகிழ்வுடன் திரும்ப வேண்டுமென உலக ஆயர்களுக்கு மடல் விடுத்ததன் காரணமும் இதுவே.

அவ்வாண்டின் திறப்பும் நிலைக்கவில்லை. 2021 மே மாதத்தில் மலேசியா முழுவதும் மீண்டும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சூன் 1 முதல் முழு அடைப்பு ஆயிற்று. தளர்வு என்பது நேர்க்கோட்டில் செல்லும் பயணம் அன்று என்பதை மக்கள் கற்றுக்கொண்டனர்.

மூன்றாம் தவக்காலம்: வாயிற்படி

2022ஆம் ஆண்டில் சாம்பல் புதன் மார்ச் 2 அன்று வந்தது. மார்ச் 25ஆம் நாள் வத்திக்கான் விடுத்த குறிப்பில், புனித வாரத்திற்கெனப் புதிய ஆணைகள் இல்லை. அந்தந்த நாட்டு ஆயர்களே நிலையறிந்து முடிவு செய்க என்று கூறப்பட்டது. மார்ச் 29 முதல் சிங்கப்பூரில் பல கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஏப்ரல் 1ஆம் நாள் மலேசியா நோயோடு வாழும் நிலைக்கு மாறும் கட்டத்தில் நுழைந்தது. வழிபாட்டில் இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்னும் விதி நீங்கியது. அன்றே சொகூர்ப் பாலமும் தடுப்பூசி இட்டுக்கொண்ட பயணிகளுக்குத் திறந்தது. அந்நாள் தவக்கால வெள்ளி. சிலுவைப்பாதை நடைபெறும் நாள். ஈராண்டாகப் பாலத்தின் இரு கரைகளிலும் பிரிந்திருந்த குடும்பங்கள், அவ்வாண்டின் புனித வாரத்தில் ஒரே இருக்கையில் அமரும் வாய்ப்பைப் பெற்றன.

அவ்வாண்டில் மற்றொரு பொருத்தமும் அமைந்தது. ஏப்ரல் 3 அன்று முசுலிம் மக்களின் நோன்பு மாதம் தொடங்கிற்று. ஏப்ரல் 14 அன்று சித்திரைப் புத்தாண்டும் பெரிய வியாழனும் ஒருங்கே வந்தன. பள்ளிவாசலும் கோயிலும் மாதா கோயிலும் ஒரே மாதத்தில் தத்தம் மக்களை வரவேற்றன. சிங்கப்பூரில் பாதுகாப்பு இடைவெளி விதி ஏப்ரல் 26 அன்று, உயிர்ப்பு விழா முடிந்து 9 நாள் கழித்தே நீங்கியது. நோய் சமய நாட்காட்டியைப் பார்த்து நடப்பதில்லை. மக்களும் பொறுமையுடன் காத்திருந்தனர்.

வெளியே நின்றோர்

எனினும் கதவு திறந்த அன்றே எல்லாரும் உள்ளே வந்துவிட்டனர் என்று வரலாறு எழுதுதல் பிழையாகும். சிங்கப்பூரில் விடுதிகளில் வாழ்ந்த அயலகத் தொழிலாளர் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 2020 ஏப்ரல் மாதம் முதல் அடைபட்டிருந்தனர். அவர்களுள் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர். 2022ஆம் ஆண்டின் தவக்காலத்திலும் நகருக்குள் செல்ல அவர்களுக்கு அனுமதி தேவைப்பட்டது. அவ்வாண்டு சூன் 24 அன்றே பொதுவான வெளிச்செல்லும் அனுமதி முறை நீங்கியது. அதன் பின்னரும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட 4 இடங்களுக்கு ஞாயிறன்றும் பொது விடுமுறையன்றும் செல்லத் தனி அனுமதி வேண்டியிருந்தது.

லிட்டில் இந்தியாவிற்கு அணித்தே ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் நிற்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே 1888ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது அது. கடல் கடந்து உழைக்க வந்த தமிழர் தம் மொழியில் வழிபட எழுந்த ஆலயம் அது. அத்தகைய உழைப்பாளரின் இன்றைய வழித்தோன்றல்களே, எல்லாருக்கும் கதவு திறந்த பின்னும் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருந்தனர் என்பது எண்ணி வருந்தத்தக்க செய்தியாகும்.

வீட்டிலேயே தங்கிவிட்ட முதியோரும் இவ்வரிசையில் சேர்வர். சிலர் நோய்க்கு அஞ்சினர்; சிலர் நடை தளர்ந்தனர்; சிலருடன் வந்த துணை மறைந்துவிட்டது. அவர்களுக்கு ஆணையும் அறிவிப்பும் போதா. வாயிலில் வந்து அழைக்கும் ஒரு மனிதர் வேண்டும். வண்டியில் ஏற்றி வரும் இளைஞர் வேண்டும். நற்கருணையை இல்லத்திற்கு ஏந்திச் செல்லும் பணியாளர் வேண்டும்.

2023 மே 5ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம், கொவிட்-19 இனி உலகளாவிய அவசரநிலை அன்று என அறிவித்தது. சட்டத்தின் பார்வையில் அடைப்பு முடிந்தது. பங்கின் பார்வையிலோ முடிவுக்கு வேறோர் அளவுகோல் உண்டு. கொள்ளைநோயின்போது மிலான் பேராயர் பலிபீடத்தைத் தெருவுக்குக் கொண்டு சென்றார். ஆலயம் திறந்த பின்னும் அப்பணி தேவைப்படுகிறது. நோன்பும் செபமும் ஈகையும் தவக்காலத்தின் மூன்று தூண்கள். வராதவர் யார் எனக் கேட்டு அவர் வாயிலுக்குச் செல்வதே, மூன்று தவக்காலங்களும் விட்டுச் சென்ற ஈகையாகும். அடைப்பை நீக்குதல் அரசின் செயல். கடைசியாக வெளியே நிற்பவரை உள்ளே அழைத்து வருதல் மக்களின் கடமை. அக்கடமை நிறைவேறும் நாளே ஆலயம் முழுமையாகத் திறந்த நாள்.