மடி நாயும் மலையூர் பயமும்

சுருள் முடி, பொத்தான் கண், மடியில் அடங்கும் உடம்பு. பூடில் கலப்புக் குட்டி நாய்க்குக் கொடைக்கானல் குளிர் நன்றாகவே ஒத்துப்போகும். முடி அதிகம் உதிராது, ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும். பனியில் நனைந்ததைச் சீவாமல் விட்டால் சடை பிடித்துவிடும். தினமும் சீப்பு, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை கத்தரி, காதுமடலுக்குள் உண்ணி இருக்கிறதா என்று ஒரு பார்வை. இத்தனையும் செய்து முடித்தால் மடியில் ஏறி முகத்தை நக்கும். (அதுதான் கூலி!)

நூற்றிருபது வருடங்களுக்கு முன்னால் இந்த மலையில் அந்தக் கூலியை யாரும் அவ்வளவு நிம்மதியாக வாங்கியிருக்க முடியாது. காரணம், வெறிநாய்க்கடி.

அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845ல் இங்கே பங்களா கட்டினார்கள். பிறகு ஆங்கிலேயர்களும் வந்தார்கள். மலைவாசஸ்தலம் என்றால் பங்களாவுக்கு நாய் உண்டு, அது அந்தக் காலத்து வழக்கம். பாரிஸில் லூயி பாஸ்டர் 1885ல் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டார். பையன் பிழைத்தான். சரி, கொடைக்கானலில் கடிபட்டவர் என்ன செய்வது? 1900ல் இமயமலை அடிவாரக் கசௌலியில் பாஸ்டர் நிலையம் வந்தது. இங்கிருந்து 2000 கிலோமீட்டருக்கு மேல்! அதுவும் அப்போது மலையிலிருந்து இறங்க மோட்டார் சாலை கிடையாது. நடை, மட்டக்குதிரை, இல்லாவிட்டால் டோலி. அதற்குப் பிறகுதான் ரயில். கடித்த நாய்க்கு வெறியா இல்லையா என்று யோசிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் மருந்து எதுவும் கேட்காது. இன்றும் அதே கதைதான்.

1902ல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். தெற்கேயும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் அதன்பின் பலத்தது. அமெரிக்க எஃகு முதலாளி ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையின் ஒரு பகுதி இதற்கு வந்து சேர்ந்தது. 1907ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. கொடைக்கானல்காரர் இனி ஒரு மலை இறங்கி இன்னொரு மலை ஏறினால் போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899லேயே ரயில் ஓட ஆரம்பித்திருந்தது.

பிறகு வந்தது நம் அப்பா, தாத்தாக்கள் சொல்லிச் சொல்லி மிரட்டிய அந்தத் 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி'. கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறை அது. ஆட்டு மூளையிலிருந்து மருந்து தயாரித்தார்கள். அபூர்வமாகச் சிலருக்குப் பக்கவாதமே வந்தது. 2004 கடைசியில்தான் இந்தியா அதைத் தயாரிப்பதை நிறுத்தியது. இப்போது கையில் நாலைந்து ஊசி, அரசு மருத்துவமனையில் இலவசம். ஊசிக்குப் போகும் முன் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஒரு பூஸ்டர், அப்புறம் மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல். வீட்டுக்குள்ளேயே வளரும் குட்டிதானே என்று விடுகிறவர்கள் உண்டு. கேட் திறந்திருக்கும் ஒரு நிமிடத்தில் ஏரிச்சாலைத் தெருநாய்களோடு சண்டைக்குப் போவதும் இந்தக் குட்டிதான்.