நீக்கப்பட்ட இரண்டு வரிகள்

ஏடு பெயர்த்தெழுதியோர் தமக்குப் பொருள் விளங்காத சொல்லைப் பிழையெனக் கருதி நீக்கியதால் பாட்டின் பொருளே திரிந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கணினி நிரல்களின் வரலாற்றிலும் அத்தகைய நிகழ்வு ஒன்று உண்டு.

சி மொழிக்கு 1989இல் தரம் வகுத்தோர், சமவாய்ப்பு எண்களைத் தர 'ராண்ட்' என்னும் செயற்கூற்றை அமைத்தனர். அது தரக்கூடிய உச்ச எண் 32767க்குக் குறையலாகாது என்றனர். அடுத்த எண்ணை எவரும் கணிக்கலாகாது என்று விதிக்கவில்லை. விதை ஒன்றாயின் விளைச்சலும் ஒன்றே. விளையாட்டுக்கு அது போதும். மறைபொருளைக் காக்கப் போதாது.

விதையை ஊகித்தால் மறையும் உடையும் என்பதை 1995இல் பெர்க்லி மாணவர்களான இயன் கோல்ட்பர்க்கும் டேவிட் வாக்னரும் காட்டினர். நெட்ஸ்கேப் உலாவி அன்று நேரத்தையும் நிரலின் அடையாள எண்களையுமே விதையாகக் கொண்டிருந்தது.

ஆயினும் 2006இல் பாடம் மறந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம், மதிப்பு இடப்படாத நினைவகத்தைப் படிப்பதாகப் பிழைகாண் கருவியான வால்கிரைண்ட் எச்சரித்தது. டெபியனில் அந்நூலகத்தைப் பராமரித்தவர், நூலகக் குழுவினரிடம் கேட்ட பின்னரே, அதற்குக் காரணமான இரண்டு வரிகளை நீக்கினார். ஒன்றை நீக்கியதால் தீங்கில்லை. மற்றொன்றோ, சேகரித்த சமவாய்ப்புத் தரவு உள்ளே பாயும் வாய்க்கால்! அது அடைபட்டதும் எஞ்சியது நிரலின் அடையாள எண் மட்டுமே. அதற்கு அன்று இயல்பாக அமைந்த உச்ச மதிப்பும் 32767தான். ஆக, ஒவ்வொரு வகைத் திறவுகோலையும் அத்தனை முறை முயன்றால் எவரும் கண்டுவிடலாம்.

ஏறத்தாழ 20 மாதங்கள் இக்குறை மறைந்திருந்தது. லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்க, 2008 மே 13 அன்று டெபியன் அறிவித்தது. டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் அக்காலத்தில் அந்நூலகத்தால் உருவான திறவுகோல்களையெல்லாம் களைந்து புதிதாக ஆக்க நேர்ந்தது.

இன்று இயங்குதளத்தின் கருவகமே இப்பொறுப்பை ஏற்கிறது. லினக்ஸில் 2014 முதல் 'கெட்ராண்டம்' உள்ளது. நிரலர் அதனிடம் கேட்டு, கேட்டது முழுமையாகக் கிடைத்ததா என்று சரிபார்த்தால் போதும்.

நீக்கியவரை மட்டும் பழிப்பது நேர்மையன்று. தீங்கற்ற வரியின் அருகே, கருவி இதைக் குறைகூறும் என்ற குறிப்பு மூல நிரலிலேயே இருந்தது. உயிரான வரிக்கோ ஒரு சொல் உரையும் இல்லை. உரையின் அருமையை நாம் அறிவோம். நிரல் எழுதுவோரும் அறிந்தால் நன்று.