ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானங்கள்: ஒரு பொழுதுபோக்கின் வரலாறு

ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானம் என்பது, தரையில் நிற்பவர் தன் கையிலுள்ள ரேடியோ கருவியால் இயக்கும் ஆளில்லாச் சிறு விமானம். ஹெலிகாப்டர், கிளைடர், ஜெட் என எல்லா வகை வானூர்திகளுக்கும் இத்தகைய மாதிரிகள் உண்டு. இவற்றைச் செய்து பறக்கவிடுபவர்கள் இதைச் சுருக்கமாக 'ஆர்.சி.' என்பார்கள். வெளிநாடுகளில் 1930களில் தொடங்கிய இப்பொழுதுபோக்கு இந்தியாவில் தேசிய மாணவர் படை, பொறியியல் கல்லூரிகள், சில நகரங்களின் ஆர்வலர் குழுக்கள் ஆகியவற்றின் வழியாகப் பரவியது. இன்று வயலில் மருந்து தெளிக்கவும், திருவிழாக் கூட்டத்தைக் கண்காணிக்கவும் பயன்படும் ட்ரோன்களின் நுட்பங்களில் பல இந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் பட்டறை மேசைகளில் உருவானவை. ஆனால் ட்ரோன்களுக்காக எழுதப்பட்ட சட்டம்தான் இப்போது மாதிரி விமானங்களையும் ஆள்கிறது.

தொடக்கம்

தொலைவிலிருந்து கம்பியில்லாமல் ஒரு செயலை நிகழ்த்தலாம் என்பது 1890களில் நிறுவப்பட்டது. அப்பத்தாண்டின் நடுவில் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் மின்காந்த அலையைச் சுவரைக் கடந்து செலுத்தி, மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். 1898இல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் நிக்கோலா டெஸ்லா ரேடியோ அலையால் இயங்கும் சிறு படகை ஓட்டிக் காட்டி அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

படகில் சாத்தியமானது விமானத்தில் எளிதாக இல்லை. வால்வுகளும் கனத்த மின்கலங்களும் கொண்ட ரேடியோவைத் தூக்கிச் செல்லப் பெரிய மாதிரி விமானம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் 1937இல் இதில் வெற்றி கண்டனர். அவர்களது 'பிக் கஃப்' விமானத்தின் இறக்கை நீளம் சுமார் 8 அடி. 1938 முதல் அமெரிக்க தேசியப் போட்டிகளில் பலமுறை வென்ற அவ்விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இதே காலத்தில் இராணுவங்களும் இத்துறைக்கு வந்தன. பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்காக பிரிட்டன் 1935இல் 'குவீன் பீ' என்ற ஆளில்லா விமானத்தை உருவாக்கியது. 'ராணித் தேனீ' என்னும் இப்பெயரை ஒட்டியே ஆண் தேனீயைக் குறிக்கும் 'ட்ரோன்' என்ற சொல் வழக்குக்கு வந்தது என்று பரவலாகக் கூறப்படுகிறது. அமெரிக்காவில் இவ்வேலையைத் தொடங்கியவர் ரெஜினால்ட் டென்னி என்ற திரைப்பட நடிகர். மாதிரி விமானப் பித்தரான அவர் ஹாலிவுட்டில் மாதிரி விமானக் கடை நடத்தியவர். அவர் தொடங்கிய ரேடியோபிளேன் நிறுவனம் இரண்டாம் உலகப்போரில் ஏறத்தாழ 15,000 இலக்கு விமானங்களைச் செய்துகொடுத்தது. பொழுதுபோக்கு தொழிலாக மாறிய முதல் பெரிய நிகழ்வு இது.

கட்டுப்பாட்டு முறையின் வளர்ச்சி

தொடக்கக் கருவிகளில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. அழுத்தினால் வால்பகுதியின் சுக்கான் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பும், விட்டால் நடுநிலைக்கு வரும், மீண்டும் அழுத்தினால் மறுபக்கம் திரும்பும். சுக்கானைத் திருப்பும் விசையை முறுக்கிய ரப்பர் நாடா தந்தது. கொஞ்சம் திருப்புவது, நிறையத் திருப்புவது என்ற வேறுபாடே கிடையாது.

1960களில் டிரான்சிஸ்டரும் விகிதக் கட்டுப்பாடும் வந்தபின் நிலைமை மாறியது. குச்சியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவே சுக்கானும் நகர்ந்தது. அதற்கான சிறு மோட்டார்ப் பொறிக்கு 'செர்வோ' என்று பெயர். இன்று ரோபோ செய்யும் பள்ளி மாணவர்கள் வாங்கும் செர்வோ, மாதிரி விமானத்துக்காக வளர்த்தெடுக்கப்பட்ட பொருளே.

ஹெலிகாப்டரின் சிக்கல்

மாதிரி விமானத்துக்கு இயல்பான நிலைத்தன்மை உண்டு. நன்றாகச் சமன் செய்யப்பட்ட விமானம், பறக்கவிடுபவர் கையை எடுத்தாலும் சிறிது நேரம் நேராகப் போகும். ஹெலிகாப்டர் அப்படியல்ல. மேலுள்ள சுழலி ஒரு திசையில் சுற்றினால் உடல் எதிர்த்திசையில் சுற்ற முயலும். அதைத் தடுக்க வாலில் இன்னொரு சுழலி வேண்டும். மேல் சுழலியின் விசை மாறும்தோறும் வால் சுழலியின் விசையும் மாறியாக வேண்டும். முன்பின், இடவலம், மேல்கீழ், முகத்திருப்பம் ஆகிய நான்கையும் இரண்டு கைகளும் இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் முதலில் நடைமுறை வெற்றி கண்டவர் ஜெர்மானியப் பொறியாளர் டீட்டர் ஷ்லூட்டர். 1968இல் பறக்கத் தொடங்கிய அவரது மாதிரி 1970இல் 11.5 கிலோமீட்டர் தொலைவு பறந்தது. மேல் சுழலிக்குக் குறுக்கே சிறு துடுப்புகள் கொண்ட தண்டைப் பொருத்தி அதன் தடுமாற்றத்தை மட்டுப்படுத்தியது இந்த வெற்றிக்கு முக்கியக் காரணம். அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த தொகுப்புகளால் ஹெலிகாப்டர் சாதாரண ஆர்வலர்களுக்கும் எட்டியது.

ஆனாலும் கற்பது கடினமாகவே இருந்தது. ஹெலிகாப்டரின் மூக்கு பறக்கவிடுபவரை நோக்கித் திரும்பியதும் இடமும் வலமும் மாறிவிடும். மனம் அதைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் இறக்கைகள் தரையில் மோதிச் சிதறும். அதனால் புதியவர்கள் கால்களில் குறுக்குக் குச்சிகளைக் கட்டி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வால் தம்மை நோக்கியிருக்க நிறுத்திப் பழகினார்கள். ஆசிரியர் கருவியையும் மாணவர் கருவியையும் கம்பியால் இணைத்து, ஆபத்து வரும்போது ஆசிரியர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ளும் முறையும் இருந்தது. பின்னர் வாலை நிலைநிறுத்தச் சுழல்காட்டி வந்தது. முதலில் சுழலும் சக்கரமாக இருந்த அது படிப்படியாகச் சிறு மின்னணுச் சில்லாக மாறியது.

2005ஆம் ஆண்டும் அதன் பின்னும்

பழைய ரேடியோக்களில் ஒரே அலைவரிசையை இருவர் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாது. ஒருவர் விமானம் பறந்துகொண்டிருக்கும்போது மற்றொருவர் அதே அலைவரிசையில் கருவியை இயக்கினால் பறக்கும் விமானம் விழுந்துவிடும். எனவே மைதானத்தில் பலகை ஒன்றில் அலைவரிசை எண் எழுதிய கிளிப்புகள் தொங்கும். கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டியவர் மட்டுமே அந்த அலைவரிசையில் கருவியை இயக்கலாம். மாதிரி விமானச் சங்கங்களின் ஒழுங்குமுறை இந்தப் பலகையைச் சுற்றி அமைந்தது.

2005இல் ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் டி.எக்ஸ்.6 என்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி சந்தைக்கு வந்தது. அனுப்பியும் வாங்கியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைந்துகொள்வதால் பலர் ஒரே நேரத்தில் பறக்கவிட முடிந்தது. அதே ஆண்டு ஜனவரியில் இந்திய அரசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை, குறிப்பிட்ட திறன் வரம்புக்குள், உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. இணையத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் விதித்திருந்த உரிமக் கெடுபிடியிலிருந்து மாதிரி விமானக்காரர்களுக்கும் அதனால் விடுதலை கிடைத்தது.

இதே ஆண்டுகளில் மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடிய சிறு இயந்திரங்களின் இடத்தை, தூரிகையில்லா மின்மோட்டாரும் லித்தியம் பாலிமர் மின்கலமும் பிடித்தன. கைபேசிகளுக்காகப் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முடுக்கமானிகளும் சுழல்காட்டிகளும் விலை குறைந்தன. இவற்றைச் சேர்த்து, நான்கு மோட்டார்களின் வேகத்தை மட்டும் மாற்றிப் பறக்கும் குவாட்காப்டரை ஆர்வலர்கள் வீடுகளில் கட்டினார்கள். ஹெலிகாப்டரின் நுட்பமான இயந்திர அமைப்பு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. பல ஆண்டுப் பயிற்சியால் கை செய்ததைச் சிறு கணினி செய்தது. இன்றைய வணிக ட்ரோன் இப்படி உருவானதுதான்.

இந்தியாவில்

இந்தியாவில் மாதிரி விமானக் கலையை ஊர்தோறும் கொண்டுசென்றது தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு. அதன் பாடத்திட்டத்தில் மாதிரி விமானம் செய்தல் இடம்பெறுகிறது. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் இதற்குப் போட்டியும் உண்டு. மாதிரிகளுக்குரிய பால்சா மரம் ஈக்வடாரிலிருந்து வர வேண்டியிருந்தது. ரேடியோக் கருவிகளும் இறக்குமதிதான். இதனால் நெடுங்காலம் இது வசதி படைத்தோரும் சீருடை மாணவர்களும் மட்டுமே தொடக்கூடிய கலையாக இருந்தது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இத்துறையின் முக்கிய மையம் சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. 1949இல் சி. ராஜம் நிறுவிய அக்கல்லூரி தொடக்கம் முதலே வானூர்திப் பொறியியலைக் கற்பித்தது. அப்துல் கலாம் அங்கு அப்பாடத்தைப் படித்தவர். பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகமான அதில் பேராசிரியர் கே. செந்தில்குமார் வழிகாட்டலில் 'தக்‌ஷா' என்ற மாணவர் குழு உருவானது. அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டார்ப்பா நடத்திய யு.ஏ.வி. ஃபோர்ஜ் போட்டியில் 2012இல் இறுதிச் சுற்றுக்குச் சென்ற அணிகளில் தக்‌ஷாவும் ஒன்று. அப்போட்டியின் இலக்கை எந்த அணியும் நிறைவேற்றவில்லை.

2018இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மருத்துவ உதவிக்கான ஆளில்லா வானூர்திப் போட்டி நடந்தது. தக்‌ஷா அதில் இரண்டாமிடம் பெற்றது. அக்குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் திரைப்பட நடிகர் அஜித் குமார். ரேடியோ கட்டுப்பாட்டு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் பறக்கவிடுவதில் அவருக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. டென்னிக்குப் பின் எண்பது ஆண்டுகள் கழித்து, மீண்டும் ஒரு நடிகரின் பொழுதுபோக்கு ஆளில்லா விமான ஆய்வுக்குத் துணையானது. தக்‌ஷா பெயரில் பின்னர் உருவான நிறுவனத்தில் முருகப்பா குழுமத்தின் கோரமண்டல் இன்டர்நேஷனல் பெரும்பங்கு வாங்கியது. அந்நிறுவனம் வேளாண் ட்ரோன்களைத் தயாரிக்கிறது.

சட்டமும் பொழுதுபோக்கும்

2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், விதிகள் வகுக்கப்படும் வரை ஆளில்லா விமானங்களைப் பொதுமக்கள் பறக்கவிடக் கூடாது என அறிவித்தது. விதிகள் 2018 டிசம்பர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் பால்சா கிளைடர் வைத்திருந்த மாணவரும் சட்டத்தின் நிழலில் நின்றார்.

2021 ஆகஸ்டு 25 அன்று வந்த ட்ரோன் விதிகள் நிலைமையைப் பெரிதும் தளர்த்தின. 250 கிராம் வரை நேனோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால் என எடை வகைகள் அமைந்தன. நேனோவுக்கும், வணிக நோக்கில்லாத மைக்ரோவுக்கும் விமானி உரிமம் தேவையில்லை. 25 கிலோவுக்கு மிகாமல், கல்விக்கோ ஆய்வுக்கோ பொழுதுபோக்குக்கோ மட்டும், கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் பறப்பவை 'மாதிரி' வகையாக வரையறுக்கப்பட்டன. இவற்றுக்கு வகைச் சான்றிதழ் வேண்டியதில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. மண்டலங்களை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்கலாம்.

2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களையும் பிரித்த நிலையிலுள்ள தொகுப்புகளையும் இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டது. உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. வாங்கிப் பறக்கவிடும் பழக்கம் சுருங்கி, பாகங்களைச் சேர்த்துக் கட்டும் பழைய வழக்கத்துக்கு ஆர்வலர்கள் ஓரளவு திரும்ப வேண்டியதாயிற்று.

வேங்கிக்காலும் வானமும்

இவ்விதிகள் ஓர் ஊரில் எப்படிப் பொருந்தும் என்பதற்குத் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் நல்ல எடுத்துக்காட்டு. அருகில் இயங்கும் விமான நிலையம் இல்லாததால் சென்னைக்காரருக்குள்ள முதல் தடை இங்கே இல்லை. குரோம்பேட்டையோ மீனம்பாக்கம் ஓடுபாதைக்கு மிக அருகில் இருக்கிறது. மாநிலத்தின் ட்ரோன் ஆய்வுக்கூடம் அமைந்த இடம் தடையில்லாமல் பறக்கவிட முடியாத இடம்.

வேங்கிக்காலில் தடைகள் வேறு வகையானவை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இவ்வூரில்தான் இருக்கிறது. அருகே மலையும் கோயிலும், மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் உள்ளன. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் அப்பாதையில் நடக்கிறார்கள். கூட்டத்தின் தலைக்கு மேல் ஒரு கிலோ எடையுள்ள பொருளைப் பறக்கவிடுவது, சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், செய்யத்தகாதது. கார்த்திகை தீபம் போன்ற நாட்களில் ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க விதிகளில் இடமுண்டு. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி இதைச் செய்யலாம். ஒரு முறைக்கு 96 மணி நேரம் என்பது வரம்பு. அந்நாட்களில் வானில் தெரிவது காவல்துறையின் கண்காணிப்பு ட்ரோன்.

மாதிரி விமானம் பறக்கவிட ஆட்களும் மின்கம்பிகளும் இல்லாத திறந்த வெளி வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அதற்கு வாய்த்தவை கோடையில் வறண்ட ஏரிப் படுகையும் அறுவடை முடிந்த வயலுமே. நகரம் விரியும்போது முதலில் மறைபவையும் இவைதான். உரிமச் சிக்கல் தளர்ந்த காலத்தில் இடச் சிக்கல் இறுகியிருக்கிறது.

மதிப்பீடு

குட் சகோதரர்கள் முதல் தக்‌ஷா மாணவர்கள் வரை, இத்துறையின் ஒவ்வொரு அடியிலும் கூலி எதிர்பாராமல் ஒன்றைக் கட்டி, பறக்கவிட்டு, விழுந்ததைப் பொறுக்கி மறுபடி ஒட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒன்றிய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்த 'நமோ ட்ரோன் தீதி' திட்டம் 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வேளாண் ட்ரோன் வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. அவற்றை ஓட்டப் பயிற்சி நிலையங்கள் உள்ளன. ஆனால் பழுது பார்ப்பவரும் அடுத்த வடிவத்தை உருவாக்குபவரும் ஓட்டுநர் பயிற்சியால் மட்டும் வருவதில்லை. அவர்கள் வருவதற்கு மாவட்டத்துக்கு ஒரு திறந்தவெளியாவது குறிக்கப்பட்டு, குறிப்பிட்ட நேரங்களில் மாணவர்கள் மாதிரி விமானம் பறக்கவிட அனுமதிக்கப்பட வேண்டும். அதற்கு ஒரு மைதானமும், ஓர் ஆசிரியரும், பழைய சங்கங்களின் கிளிப்புப் பலகை கற்றுத்தந்ததுபோல் அடுத்தவர் விமானத்தையும் கருத்தில் கொள்ளும் ஒழுங்கும் போதும்.