ஏட்டில் அடங்காத காலம்

செம்பரம்பாக்கம் ஏரியின் கரையில் நின்று மேற்றிசை நோக்கினால், திருப்பெரும்புதூர்ப் பக்கமாகத் தொழிற்சாலைகள் மலிந்த பெரும் வட்டாரம் ஒன்று விரிகிறது. அங்கே 2006 முதல் 2014 வரை நோக்கியா நிறுவனத்தின் கைபேசித் தொழிற்சாலை நடைபெற்று வந்தது. அந்நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட 3310 என்னும் கைபேசியில் ஒரு வேடிக்கையான வசதி இருந்தது. 1 முதல் 7 வரையுள்ள பொத்தான்கள் ஏழு ஸ்வரங்களைக் குறிக்கும். வேறு இரண்டு பொத்தான்கள் ஸ்வரத்தின் கால அளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும். யாரும் ஒரு மெட்டை எழுதி, அதையே அழைப்பொலியாக வைத்துக்கொள்ளலாம்.

எழுதியதைக் கருவி இம்மியும் பிசகாமல் ஒலிக்கும். ஆயினும் அதைக் கேட்டு உள்ளம் உருகியவர் எவரேனும் உண்டா? ஸ்வரமும் சரி, கணக்கும் சரி என்றால், அங்கே இல்லாதது எது? இக்கேள்வி கணிப்பொறியோடு பிறந்ததன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டில் இருவரை அது வாட்டியது. அவர்கள் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நமது ஸ்வரக் குறியீட்டில் குறில் ஓர் அலகு, நெடில் இரண்டு அலகு. எழுத்துகளின் மேல் ஒரு கோடு இட்டால் வேகம் இரட்டிக்கும். இது தெளிவான கணக்கு. ஆனால் தோடி ராகத்தின் காந்தாரத்தைப் பாருங்கள். ஏட்டில் அது ‘கா’ என்ற ஓர் எழுத்து. அதனை அசையாமல் இரண்டு அலகு நிறுத்தினால், கேட்பவர் தோடி என்று சொல்லமாட்டார். பாடுவோர் அதனை அசைக்கிறார். அந்த அசைவில் எங்கே சற்றுத் தங்குவது, எங்கே தொட்டுவிட்டு மீள்வது என்பதிலேதான் ராகத்தின் முகம் இருக்கிறது. தாளம் அக்ஷரத்தை அளந்து தருகிறது. அந்த அக்ஷரத்துக்குள் காலத்தைப் பங்கிடுவது பாடுவோரின் பொறுப்பு.

சென்னைத் தலைமைச் செயலகத்தில் பணியாற்றிய சின்னசாமி முதலியார், 1892-ஆம் ஆண்டில் தியாகராஜர் முதலியோரின் கீர்த்தனங்களை ஐரோப்பிய இசைக் குறியீட்டில் வெளியிடத் தொடங்கினார். வாய்மொழியாக வரும் செல்வம் வாய்மொழியாகவே மறைந்துவிடக்கூடும் என்பது அவருடைய அச்சம். எழுதினால் பிழைக்கும் என்று நம்பினார். ஆனால் யாருடைய பாட்டை எழுதுவது? முத்துசாமி தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரரும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதரிடம் அந்த மரபு முழுவதும் தங்கியிருந்தது. ஒரு குடும்பத்தின் நினைவிலே ஒரு பெரும் இசைக் கருவூலம்! அந்த நினைவு அழிந்தால் கருவூலமும் அழிந்ததுதான்.

முதலியார் 1899-இல் எட்டயபுர மன்னரிடம் முறையிட்டார். மன்னரும் ஆதரவளித்தார். தீட்சிதர் எழுத அமர்ந்தார். 1904-ஆம் ஆண்டு எட்டயபுரத்திலேயே ‘சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி’ தெலுங்கு எழுத்தில் அச்சாகி வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1906-இல், தீட்சிதர் காலமானார். காலம் எவ்வளவு நெருக்கத்தில் வந்து நின்றது, பாருங்கள்!

தீட்சிதர் ஸ்வரங்களை மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால், நமக்கு எலும்புக்கூடு மட்டுமே கிடைத்திருக்கும். அவர் கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒதுக்கல், ஓரிகை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்கள் அமைத்து, ஸ்வரங்களோடு சேர்த்து எழுதினார். ஸ்வரத்தை எப்படி அணுகுவது, எப்படி அழுத்துவது, எப்படி நழுவுவது என்பதை ஏட்டில் ஏற்ற முயன்ற அரும்பணி அது. அப்படியும் ஓர் எல்லை உண்டு. கம்பிதம் என்று அடையாளம் சொல்லும். எத்தனை அசைவு, எந்த அசைவு நீளம் என்று அது சொல்லாது. அதைக் குருவின் விரலும் குரலுமே சொல்லவேண்டும்.

அதே எல்லையைக் கணிப்பொறியும் பின்னர் முட்டியது. ஐரோப்பிய இசையை எழுதி ஒலிக்கச்செய்யும் ஃபினாலே என்னும் மென்பொருள், மனிதர் வாசிப்பதுபோல் ஒலிக்கும் வசதியைத் தன் 2004-ஆம் பதிப்பில் சேர்த்தது. நம் நாட்டில் ‘காயக’ என்னும் மென்பொருள் கர்நாடக ஸ்வரக் குறியீட்டைக் கமகங்களோடு ஒலிக்க வழிசெய்தது. ஸ்வரங்களை அங்குமிங்கும் சிறிது தள்ளிவைத்தால் மனிதத்தன்மை வந்துவிடும் என்று எண்ணவேண்டாம். காரணமின்றித் தள்ளினால், தாளம் தெரியாதவன் பாடியதுபோல்தான் இருக்கும்.

சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் யோஹான் சுண்ட்பெரி என்னும் அறிஞர், 1980-களில் லார்ஸ் ஃப்ரீடேன் என்னும் வயலின் கலைஞரைத் துணைக்கொண்டு இதை ஆராய்ந்தார். கணிப்பொறி ஒரு விதிப்படி வாசிக்கும். கலைஞர் கேட்டு, இது பொருந்தும், இது பொருந்தாது என்பார். அதற்கேற்ப விதியைத் திருத்துவார்கள். பாட்டின் முடிவில் வேகம் தணிவதற்கும், ஓடி வருபவர் நிற்கும்போது நடை தணிவதற்கும் ஒற்றுமை உண்டு என்று 1999-இல் அக்குழுவினர் காட்டினர். மனிதர் கணக்கைவிட்டு விலகுவது தாறுமாறாக அன்று. அந்த விலகலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு.

மாணவ நண்பர்களே! எட்டயபுரத்திலும் ஸ்டாக்ஹோமிலும் நடந்தது ஒன்றே. குறியை அமைக்கும் முயற்சியின் பக்கத்தில், பாட்டை அறிந்த ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் வாய் திறந்த அளவுக்கே ஏட்டில் உயிர் ஏறியது. ப்ரதர்சினியின் தமிழ்ப் பதிப்பைச் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது. அதை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரு கீர்த்தனத்தை ஸ்வரமாகப் படித்த பின், அதை அறிந்த பெரியவர் ஒருவரிடம் சென்று பாடச்சொல்லிக் கேளுங்கள். உங்கள் வீட்டிலோ ஊரிலோ அத்தகையவர் ஒருவர் இருக்கக்கூடும். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். முதலியார் செய்ததும் அதுதான்.